விழுப்புண்ணும் அகப்புண்ணும்

தமிழ் நூல்கள் போரிற் பட்ட புண்ணை இருவகையாகப் பகுத்துக் கூறும். முகத்தினும் மார்பினும் பட்டது விழுப்புண். அது வீரனுக்கு அணி. முதுகிற் பட்டது புறப்புண். அது மானமுடையானுக்குச் சாவினுங் கொடிது. வெண்ணிப் பறந்தலையிற் கரிகாற் பெருவளத்தானோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், பகைவன் எறிந்த வேல் தன் மார்பினை ஊடுருவி முதுகிலும் புண் செய்தமைக்கு நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பர். வேல் கொல்லாது விட்டவனை நாணம் கொன்றது.

இவ்விருவகைப் புண்ணேயன்றி மூன்றாவதொரு புண்ணும் உண்டு. அது மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை. குருதி சிந்தாது, வடுவுங் காட்டாது. போர் முடிந்து, படைஞன் வீடு திரும்பி, மனைவி மக்களோடு அமர்ந்து உண்ணும் வேளையிலும் அஃது உள்ளே புரையோடிக் கொண்டிருக்கும். இதனை அகப்புண் என்று ஈண்டு வழங்குவோம்.

இப்புண் புதியதன்று. அமெரிக்க நாட்டு உள்நாட்டுப் போரிற் பணிபுரிந்த படைஞர் பலர்க்கு யாதொரு பழுதும் காணப்படாமலே நெஞ்சு படபடத்தலும் மூச்சுத் திணறலும் நிகழ்ந்தமையை டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். எனினும், உலகம் இப்புண்ணை மறுக்கவொண்ணாத அளவிற் கண்டது 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் பெரும்போரிலேயாம். ஆதலின் அப்போரையும், அதனுள்ளும் பிரிட்டிஷ் சேனையின் வரலாற்றையும் நிலைக்களனாகக் கொண்டு, இப்புண்ணின் இயல்பினையும், அதனை ஆற்ற முயன்றார் வழிகளையும், ஆற்றாது பழித்தார் செய்த பிழையினையும் ஆராயப் புகுகின்றோம்.

பெயர் பிறந்தவாறு

முன்னாட் போர்கள் பெரும்பாலும் ஒரு பகலிலோ சில நாட்களிலோ முடிவன. வீரன் தன் பகைவனைக் கண்ணாற் கண்டான். எதிர்க்கவோ விலகவோ அவனுக்கு இடமிருந்தது. 1914-ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்ற போரோ வேறு வகையது. வடகடற்கரை முதல் சுவிட்ஸர்லாந்தின் எல்லை வரை இருதிறத்தாரும் நிலத்தைக் குடைந்து பதுங்கு குழிகளில் அமர்ந்தனர். பல கல் தொலைவிலிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்து விழும். எறிந்தவனைக் காண இயலாது. ஓடி ஒளிக்க இடமில்லை. எதிர்த்தடிக்கக் கைக்கு வேலையும் இல்லை. அடுத்த குண்டு யார் தலைமேலோ என்று எண்ணிக்கொண்டு சேற்றிற் குந்தியிருப்பதே பல நாட் படைஞன் தொழிலாயிற்று. ஸோம் ஆற்றுப் பக்கத்தில் 1916-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் தொடங்கிய தாக்குதலின் முதற் பகலில் மட்டும் பிரிட்டிஷ் படையிற் சேதமுற்றோர் 57,470 பேர். அவருள் மாண்டோர் 19,240 பேர். எஞ்சியோர் கண்ட காட்சி எத்தகையதென்பதை இவ்வெண்களே ஒருவாறு உணர்த்தும்.

போர் தொடங்கிய சில திங்களுக்குள்ளாகவே, உடலிற் காயமின்றி ஆஸ்பத்திரி சேர்ந்த படைஞர் பலராயினர். சிலர்க்குக் கண் தெரியவில்லை; சிலர்க்கு நா எழவில்லை; சிலர்க்குக் கால் நிற்கவில்லை; சிலர் தம் பெயரையே மறந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளநூலறிஞர் சார்லஸ் மையர்ஸ் என்பார், பிரான்சில் லெ தூக்கே என்னுமிடத்து ஆஸ்பத்திரியிற் பணிபுரிகையில், இத்தகையார் மூவரை ஆராய்ந்து, 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘ஷெல் ஷாக்’ என்னும் பெயர் மருத்துவ இதழில் இடம்பெற்றது அக்கட்டுரையாலேயாம். தமிழில் இதனைக் குண்டதிர்ச்சி எனலாம்.

பெயர் வந்ததே தவிரப் பொருள் விளங்கவில்லை. குண்டு வெடித்த வேகத்தால் மூளையும் நரம்பும் அதிர்ந்து சிதைவதே இந்நோய்க்குக் காரணம் என்று பிரடெரிக் மாட் முதலிய மருத்துவர் முதலிற் கருதினர். ஆயின் மையர்ஸ் கண்ட மூவர்க்கும் பார்வையும் மணமும் சுவையும் நினைவும் குன்றியிருக்க, பேரொலியை ஏற்ற செவி மட்டும் பெரும்பாலும் பழுதின்றி இருந்தது. குண்டு வெடித்த இடத்தின் அருகே ஒருபோதும் நில்லாதார் பலர்க்கும் இந்நோய் தோன்றியது. ஆதலின் நோயின் வேர் பெரும்பான்மையும் உள்ளத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது வரவரத் தெளிவாயிற்று. தாம் பரப்பிய பெயர் பொருத்தமற்றதென்பதை மையர்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார். எனினும் மாட் முதலியோர் கூற்று முற்றும் பொய்யென்று தள்ளற்பாலதன்று; வெடியின் அலையால் மூளைத் தசையில் நுண்ணிய தழும்பு உண்டாதலைப் போர் கண்டு இறந்த சிலர்தம் மூளையில் ஆய்வாளர் கண்டு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கின்றனர். உடலும் உள்ளமும் ஒன்றையொன்று விட்டுத் தனித்து நோவன அல்ல என்பதே இதனாற் பெறப்படுவது.

மெய்ப்பாடு

உள்ளத்து நோய் கண்ணையும் நாவையும் காலையும் எங்ஙனம் பற்றும் என ஐயுறுவார்க்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நினைவூட்டலாம். உள்ளத்தே நிகழ்ந்த உணர்ச்சி பிறர்க்குப் புலனாமாறு உடலின்கண் தோன்றுவதே மெய்ப்பாடு. ஆசிரியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சமும் ஒன்று. வீரத்தினை உள்ளிட்ட பெருமிதமும் ஒன்று. அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கென்பார், அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும் என எண்ணினர். போர்க்களத்துப் பகைவனை அவ்வரிசையில் வைத்திலர். களத்தில் வீரனுக்குரியது பெருமிதமேயன்றி அச்சமன்று என்பது அக்காலத்தார் கொள்கை போலும்.

பெரும்போரின் படைஞரும் அக்கொள்கையிலேயே வளர்க்கப்பட்டவர். அஞ்சுதல் ஆண்மைக்கு இழுக்கு. அழுதல் அதனினும் இழுக்கு. அஞ்சியதை வாய்விட்டுரைத்தல் எல்லாவற்றினும் பேரிழுக்கு. ஆகவே உள்ளே எழுந்த அச்சம் வாயால் வெளிப்பட வழியின்றி மெய்யால் வெளிப்பட்டது. உயிரைக் காக்க ஓடுக என்று ஓருணர்ச்சி உந்த, கடமையில் நிற்க என்று மற்றோருணர்ச்சி தடுக்க, இரண்டிற்கும் இடையே நெரிந்த உள்ளம் கால்களை முடக்கியது. ‘நான் வேண்டுமென்று பின்வாங்கவில்லை, என் கால் நடவாது’ என்னும் நிலையை உடலே உண்டாக்கிக் கொடுத்தது. இது நடிப்பன்று என்பதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். நடிப்பவன் தான் நடிப்பதை அறிவான். இவனோ தன் கால் ஏன் நடவாதென்பதை அறியான்.

இந்நோய் எல்லார்க்கும் ஒரே வடிவில் வந்ததுமில்லை. ஊமையாதலும் முடங்குதலும் சாதாரணச் சிப்பாய்களிடத்து மிக்கிருந்தன. உறக்கமின்மையும் கொடுங்கனவும் ஓயாக் கவலையும் அதிகாரிகளிடத்து மிக்கிருந்தன. சிப்பாய் கட்டளைக்கு எதிர்மொழி கூறவொண்ணாதவன். ஆதலின் அவன் நாவே அடைபட்டதென்று கூறுவாருமுளர். அதிகாரியோ தன்கீழ் உள்ளார் முன்னிலையில் அச்சமிலான்போல் அல்லும் பகலும் தோன்ற வேண்டியவன். தன் சொல்லால் மாண்டவர்தம் பொறுப்பையும் சுமப்பவன்.

சேனைத் தலைமையோர் இந்நோயைக் கண்டு திகைத்தனர். புண்பட்டவன் மதிக்கத்தக்கவன், அஞ்சியவன் தண்டிக்கத்தக்கவன், இவன் யார்? இவ்வினாவுக்கு விடைகாண அவர்கள் நோயாளரை இரு கூறாக்கினர். பகைவர் குண்டு அருகில் வெடித்தமையால் நோயுற்றான் என்று கொள்ளப்பட்டவன் பெயர்க்கு எதிரே ‘டபிள்யூ’ என்னும் ஆங்கில எழுத்து இடப்பட்டது. அவன் காயமுற்றவனாக எண்ணப்பட்டு, அதற்குரிய அடையாளப் பட்டையும் உதவிச் சம்பளமும் பெறலாம். ஏனையோர்க்கு ‘எஸ்’ என்னும் எழுத்து, அவர்க்கு அம்மதிப்பில்லை. சேரமான் காலத்தே விழுப்புண், புறப்புண் எனப் பகுத்த அதே அளவுகோல், ஈராயிரம் ஆண்டு கழித்து ஐரோப்பாவிலும் கைக்கொள்ளப்பட்டமை காண்க. போர் முடியுமளவில் பிரிட்டிஷ் சேனையில் இந்நோய்க்கு மருத்துவம் பெற்றோர் ஏறத்தாழ 80,000 பேர் என்பர்.

இரண்டு மருத்துவர்

இவர்களை ஆற்றுதற்கு மருத்துவர் கைக்கொண்ட வழிகள் பல. அவற்றுள் ஒன்றற்கொன்று மாறுபட்ட இரண்டனை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இலண்டன் நகரத்துக் குயின் ஸ்குவேர் ஆஸ்பத்திரியில் லூயிஸ் யெல்லண்ட் என்னும் மருத்துவர் இருந்தார். அவர் 1918-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தம் முறையைத் தாமே விரித்துரைக்கின்றார். மான்ஸ் முதலிய பல களங்களில் நின்று போர்புரிந்து, பின்னர்ப் பேச்சிழந்து, ஒன்பது திங்கள் ஊமையாயிருந்த 24 வயதுப் படைஞன் ஒருவன் அவரிடம் வந்தான். அதற்கு முன்னரே வேறிடங்களில் அவன் நாவிற் சுருட்டு நெருப்பு வைத்துப் பார்த்திருந்தனர். யெல்லண்ட் அவனை இருட்டறைக்குக் கொண்டு சென்று, கதவைத் தாழிட்டு, பேசினாலன்றி வெளியேற இயலாதென்று கூறி, தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். நான்கு மணி நேரம் கழிந்தபின் அவன் பேசினான். பேச்சு வந்தது மெய். ஆயின் அவன் பேச்சை அடைத்துநின்ற துயர் யாதென்று எவரும் அவனை வினவவில்லை.

மற்றொருவர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் என்பார். இவர் பெயர் நம் நாட்டார்க்குப் புதியதன்று. இவர் 1898-ஆம் ஆண்டில் மேற்கூறிய மையர்ஸோடு டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்று, ஆங்கு வாழ்வார்தம் குலமுறைகளை ஆராய்ந்தார். பின்பு 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் நம் நீலகிரி மலைக்கு வந்து, தோதவர் மந்துகள்தோறுஞ் சென்று, அவர்தம் எருமைப் பணிகளையும் உறவு முறைகளையும் ஈமச் சடங்குகளையும் ஒவ்வொருவரையும் வினவித் தெரிந்து, 1906-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் இயற்றினார். தோதவர் இறந்தார் பெயரைத் தம் வாயாற் கூறத் துணியார். ஆதலின் குலமுறை கேட்பதே அருந்தொழிலாயிற்று. பொறுமையோடு ஒருவரிடம் கேளாததை மற்றொருவரிடம் கேட்டு அத்தொழிலை முடித்தார்.

தோதவரிடத்துக் கேட்டறிந்த அவ்வறிஞர், பெரும்போரில் மருத்துவப் படையின் காப்டனாகி, 1916-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரை அடுத்த கிரேக்லாக்கார்ட் போர்க்கால ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆண்டும் அவரிடம் வந்தவர்கள் இறந்தாரைப் பற்றிப் பேசாதவர்களே. தோதவர் வழக்கத்தாற் பேசார். இவ்வதிகாரிகளோ பேசலாகாதென்று அறிவுறுத்தப்பட்டுப் பேசார். ‘அதனை மறந்துவிடு, இன்பமானவற்றையே எண்ணு’ என்பதே உற்றாரும் மருத்துவரும் இவர்க்குக் கூறிய அறிவுரை. பகலெல்லாம் முயன்று மறந்தார். இரவு வந்ததும் மறந்தவை யாவும் கனவாய் எழுந்து வந்தன. ரிவர்ஸ் தாமும் இளமை முதலே திக்குவாய் உடையவர். நா எழாதான் படும் துன்பத்தை நூலிற் கற்றது போதாதென்று தம் வாழ்விலும் கண்டவர் எனலாம்.

அவர் 1917-ஆம் ஆண்டு டிசம்பரில் மருத்துவர் அவையொன்றிற் படித்து, மறு ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையில் ஓரதிகாரியின் வரலாறு வருகின்றது. தன் தோழனைத் தேடிச் சென்ற அவ்வதிகாரி, அவன் உடல் குண்டாற் சிதறித் தலையும் கைகால்களும் வேறு வேறாய்க் கிடக்கக் கண்டான். அன்று முதல் இரவுதோறும் அவ்வுருவே கனவில் வந்தது. சில இரவு தொழுநோயாளன் வடிவிலும் வந்தது. உறங்க அஞ்சி விழித்திருந்தான். மறந்துவிடு என்றனர், அவனும் மறக்க முயன்றான், நோய் வளர்ந்ததேயன்றித் தணியவில்லை.

ரிவர்ஸ் அவனை மறக்கச் சொல்லவில்லை. அக்காட்சியையே அவனோடு அமர்ந்து நோக்கினார். உடல் அங்ஙனம் சிதறிக் கிடந்தமையே, தோழன் நொடிப்பொழுதில் மாண்டான் என்பதற்கும், காயமுற்றுப் பல நாள் கிடந்து துடிக்கும் துன்பம் அவனுக்கு நேரவில்லை என்பதற்கும் சான்று என்று எடுத்துக் காட்டினார். கேட்டவன் முகம் தெளிந்தது. இனி அந்நினைவை விலக்க முயலேன். இதனையே நினைப்பேன் என்றான். சில இரவு கனவின்றிக் கழிந்தன. பின்பு ஓரிரவு, களத்தின் நடுவே தோழன் உடலருகே மண்டியிட்டு, அவன் வீட்டார்க்கு அனுப்புதற்கு அவன் உடைமைகளை எடுப்பதாகக் கனாக் கண்டான். விழித்தபோது நடுக்கமில்லை, மெல்ல அழுதுகொண்டிருந்தான். வேறோரிரவு தோழன் சிதைந்த உருவோடே, ஆயின் அச்சுறுத்தாது, கனவில் வர, இருவரும் உரையாடினர். அச்சம் போய் அழுகை வந்தது. அழுகையும் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றே. இறந்தார்க்கு உரியதும் அதுவே. இத்தனை நாளும் அவனுக்கு மறுக்கப்பட்டிருந்தது அவ்வழுகைதான்.

இம்முறை எல்லார்க்கும் பயன்பட்டதென்று ரிவர்ஸ் கூறவில்லை. குண்டின் வேகத்தால் தூக்கியெறியப்பட்டு, இறந்து பல நாளான பகைவன் உடலின்மேல் முகம் பதிய வீழ்ந்து, அச்சுவையும் நாற்றமும் நீங்காது வருந்திய மற்றோரதிகாரியைப் பற்றியும் அதே கட்டுரையில் எழுதுகின்றார். அக்காட்சியில் ஆறுதலாகப் பற்றிக்கொள்ளத்தக்கது ஒன்றும் இல்லை. அவனைச் சேனையினின்று விடுவித்து, அவன் மனம் அமைதியுறும் நாட்டுப்புறத்துக்கு அனுப்புவதே தகும் என்று முடிவு செய்தார். துயரத்தை முற்றும் மறைத்தலும் தீது. அதிலேயே ஓயாது மூழ்கிக் கிடத்தலும் தீது என்பது அவர் கொள்கை. தம் மருத்துவத்தின் எல்லையை அறிந்து கூறியமையாலேயே அவர் கூறிய ஏனையவும் நம்பத்தக்கன ஆகின்றன.

நலம் பெற்றவர் சென்றவிடம்

கிரேக்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் ஓர் இதழும் வெளிவந்தது. ‘ஹைட்ரா’ என்பது அதன் பெயர். கல்லூரி இதழ்க்கு எழுதும் நம்மனோர் அதனைச் சிறிது நினைத்துப் பார்த்தல் தகும். அதற்குச் சிலகாலம் ஆசிரியராயிருந்தவர் வில்பிரட் ஓவன் என்னும் இளங்கவிஞர். குண்டு வெடிப்பால் எறியப்பட்டு, மாண்ட தோழன் உடலருகே பல நாள் கிடந்து, நடுக்கங்கொண்டு 1917-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கு வந்தவர். அவரைப் பார்த்த ஆர்தர் பிராக் என்னும் மருத்துவர், பயனுள்ள தொழிலில் ஈடுபடுத்தலே மருந்தெனக் கொண்டவர். இதழாசிரியப் பணியும் அம்மருந்தின் ஒரு கூறாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் சீக்பிரைட் சஸ்ஸூன் என்னும் மற்றொரு கவிஞரை ஓவன் ஆங்கே கண்டு நட்புக்கொண்டார். சஸ்ஸூன் வீரப் பதக்கம் பெற்றவர்; போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகின்றதென அறிக்கை எழுதியமையால், இராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றாக இவ்வாஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர். அவரைப் பார்த்தவர் ரிவர்ஸே.

ஈண்டு ஓர் அரிய சிக்கல் தோன்றுகின்றது. ரிவர்ஸின் கடமை யாது? நோயுற்றவனைத் தேற்றி, எந்தக் களம் அவனை நோயாளியாக்கியதோ அந்தக் களத்துக்கே மீண்டும் அனுப்புதல். நலம் பெறாதவன் பிழைத்தான். நலம் பெற்றவன் சாவை நோக்கிச் சென்றான். சஸ்ஸூன் தம் கீழ்ப்பட்ட படைஞரைத் தனியே விட மனமின்றித் தாமே போர்க்களம் மீண்டு, 1918-ஆம் ஆண்டு ஜூலையில் தலையிற் காயமுற்று உயிர் தப்பினார். ஓவனும் மீண்டார். அவர் 1918 நவம்பர் 4-ஆம் நாள், போர் நிற்றற்கு ஒரு வாரமே இருக்கையில், பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்குமிடத்து மாண்டார்; வயது 25. போர் நின்ற மகிழ்ச்சி மணி ஒலித்த நவம்பர் 11-ஆம் நாள் அவர் தாய்க்கு மரணச் செய்தி வந்தது. அன்பு மிக்க மருத்துவமும் போரின் கையில் ஒரு கருவியாகக் கூடும் என்பதை ரிவர்ஸ் உணர்ந்து உள்ளத்தே போராடினார் என்பது, அவர் இறந்தபின் 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த கனவு பற்றிய நூலால் அறியப்படுகின்றது.

பழிக்கப்பட்டோர்

கிரேக்லாக்கார்ட் அதிகாரிகளுக்கு உரியது. சாதாரணச் சிப்பாய்க்கு அவ்வாய்ப்பு அரிது. ஹாரி பார் என்பவர் அத்தகைய சிப்பாய். 1915-ஆம் ஆண்டில் குண்டதிர்ச்சியால் ஐந்து திங்கள் ஆஸ்பத்திரியிற் கிடந்தார். கை நடுக்கத்தால் மனைவிக்குத் தாமே கடிதம் எழுத இயலாது பிறரைக்கொண்டு எழுதுவித்தார். மறு ஆண்டு செப்டம்பரில் ஸோம் களத்தில், முன்வரிசைக்குச் செல்ல என்னால் இயலாது என்றார். கோழைமைக் குற்றம் சாட்டப்பட்டு, 1916 அக்டோபர் 18-ஆம் நாள் வைகறையில் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 25. அவர் மனைவிக்கு உதவிச் சம்பளமும் மறுக்கப்பட்டது. அக்குடும்பம் அந்நாணத்தை நெடுங்காலம் மறைத்து வாழ்ந்தது.

இங்ஙனம் ஓட்டம், கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட பிரிட்டிஷ் பேரரசுப் படைஞர் 306 பேர். அவர் யாவரும் நோயுற்றவர் என்று கூற இயலாது. ஆயின் சிலர் நோயுற்றவர் என்பதில் ஐயமில்லை. இக்குற்றங்களுக்கு மரணதண்டனை 1930-ஆம் ஆண்டில் ஒழிந்தது. இவர்க்காக இங்கிலாந்தில் 2001-ஆம் ஆண்டு ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. அதில் ஆளுக்கு ஒன்றாக 306 மரக்கம்பங்கள் நிற்கின்றன. பாரின் மகளும் பிறரும் விடாது முயன்றதன் பயனாக, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர் யாவர்க்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. தண்டனைக்கும் மன்னிப்புக்கும் இடையே கழிந்தவை தொண்ணூறு ஆண்டுகள்.

அப்போரில் நம் நாட்டினின்று கடல் கடந்து சென்ற படைஞரும் பத்து இலட்சத்தின் மேற்பட்டவர். அவருள் பாளையங்கோட்டைப் பெயர் பூண்ட 63-ஆம் இலகு காலாட்படையும் ஒன்று. நெருக்கமான கப்பல்களிற் பல நாள் கடலில் அலைந்து, 1914 நவம்பரிற் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறையில் இறங்கிய அப்படை, மறைந்திருந்த இயந்திரத் துப்பாக்கிகளின் சூட்டுக்கு ஆற்றாது சிதறியது. ஆங்கில அதிகாரிகளுள் இந்தியப் படைஞரை இகழ்ந்தெழுதினார் உளர். அவ்விகழ்ச்சியே நூல்களில் நிலைத்தது. சிதறியவன் உள்ளத்து நிகழ்ந்தது யாதென்று கேட்டெழுத அவனுக்கொரு ரிவர்ஸ் வாய்க்கவில்லை. பிரான்சிற் போர்புரிந்த இந்தியர் எழுதிய கடிதங்கள் தணிக்கையாளரால் மொழிபெயர்க்கப்பட்டு இன்றும் இலண்டனிற் காக்கப்படுகின்றன. தணிக்கையாளர் கண்ணுக்குத் தப்பி எவ்வளவு கூற இயலுமோ அவ்வளவே அவற்றில் உண்டு.

பின் வந்த அறிவு

போருக்குப் பின் சௌத்பரோ பிரபுவின் தலைமையில் அமைந்த குழு, 1922-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டு, குண்டதிர்ச்சி என்னும் பெயரையே விட்டொழிக்க வேண்டுமெனக் கூறியது. பெயர் ஒழிந்தது, நோய் ஒழியவில்லை. ஆப்ராம் கார்டினர் என்னும் அமெரிக்க மருத்துவர், போர் முடிந்து பல்லாண்டு கழிந்தும் நோய் நீங்காத பழைய படைஞரை ஆராய்ந்து 1941-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வியட்நாம் போரினின்று திரும்பிய அமெரிக்கப் படைஞர் தம்முட் கூடிப் பேசியும் கிளர்ச்சி செய்தும் தம் துயரை உலகறியச் செய்தனர். அதன் பின்னர், 1980-ஆம் ஆண்டில், பேரதிர்ச்சிக்குப் பிற்பட்ட மனவழுத்தக் கோளாறு என்னும் பெயரால் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியில் இஃது இடம்பெற்றது. கண்டவை மீண்டும் மீண்டும் நினைவிலும் கனவிலும் எழுதல், அவற்றை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் விலக்குதல், உணர்ச்சி மரத்துப்போதல், சிற்றொலிக்கும் திடுக்கிடுதல் என்பன அதன் குறிகள். அப்பத்தாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒரு பேராய்வு, வியட்நாம் சென்ற ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் அப்போதும் இந்நோயுடையராயிருந்தனர் எனக் கண்டது. போர் கண்டார் யாவர்க்கும் இது வருவதன்று என்பதும், வந்தவர்க்கு ஆண்டுகள் கழிவதால் மட்டும் நீங்குவதன்று என்பதும் இதனால் விளங்கும்.

வியட்நாம் படைஞர்க்கு மருத்துவம் செய்த ஜானதன் ஷே என்பார், 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஹோமரின் இலியத்துக் காவியத் தலைவன் அக்கிலிஸின் சினத்தையும் துயரையும் தம் நோயாளர் கூற்றோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றார். உயிர்க்கு நேர்ந்த இடுக்கண் ஒன்றே அவரை வருத்தவில்லை. தலைவர் அறம் பிழைத்தமையும், தாமே அறம் பிழைக்க நேர்ந்தமையும் அவரை வருத்தின என்பது அவர் கண்ட உண்மை. இதனை அறப்புண் எனலாம். பழைய நூல்களை மனநோய் மருத்துவரும் கற்க வேண்டும் என்பதற்கு இந்நூல் ஒரு நற்சான்று.

இக்காலத்து மருத்துவமும் பெரும்பாலும் ரிவர்ஸ் சென்ற நெறியிலேயே செல்கின்றது. தேர்ந்த மருத்துவர் துணையோடு, கொடிய நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு அதன் வலியைத் தணிக்கும் முறைகள் பயனுடையன என்று ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டுள்ளன. ஆயின் இதனை எவரும் எந்நேரமும் செய்யலாமென்று எண்ணற்க. துன்பம் நிகழ்ந்த உடனே எல்லாரையும் கூட்டி, ஒரே அமர்வில், நிகழ்ந்தவற்றைக் கட்டாயமாய்ச் சொல்லச் செய்தலால் நோய் தடுக்கப்படுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டின. வற்புறுத்திப் பேசச் செய்தல் வேறு. பேச விரும்புவானுக்குச் செவி கொடுத்தல் வேறு. முன்னது யெல்லண்டின் வழி. பின்னது ரிவர்ஸின் வழி.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் துணியப்படுவது இது. அகப்புண் வீரமின்மையால் வருவதன்று. மனிதவுள்ளம் தாங்கற்பாலதன்றாகியவற்றைத் தாங்கி நின்றமையால் வருவது. அப்புண்ணைச் செய்வது போர். ஆறவிடாமற் செய்வது நாணம். அந்நாணத்தை அவன்மேல் ஏற்றுவோர் பகைவரல்லர்; ‘கோழை’ என்றும் ‘மறந்துவிடு’ என்றும் எளிதிற் கூறிவிடும் உற்றாரும் ஊராருமே.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பாண்டியன், வாடை வீசும் நள்ளிரவில், உறங்காது, சிலரோடு பாசறையில் நடந்து, புண்பட்ட வீரரைக் காட்டக் கண்டு ஆறுதல் அளிக்கின்றான். அவன் மருந்து கொண்டு சென்றவனல்லன். உறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் எழுந்து அவர்பாற் சென்றான். அவன் கண்டவை வாள் செய்த புண்கள். வாள் செய்யாத புண்ணும் உண்டென்று இப்போது அறிந்துள்ளோம். கிரேக்லாக்கார்டில் நோயாளர் உறங்க அஞ்சி விழித்திருந்த கட்டடம் இன்று எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. நம்மைப் போன்ற மாணவர் அங்கே நடமாடுகின்றனர். நம் தெருவிலும், நம் உறவிலும், படையினின்று மீண்ட ஒருவர் இருத்தல் கூடும். அவர் வாளாவிருப்பின் அவ்வமைதியை நலமென்று கொள்ளாமலும், அவர் வாய் திறக்கும் நாளில் வேறு வேலையுண்டென்று எழாமலும் இருப்போமாக.